கத்திரி வெயிலில் ஒரு மண்புழுத் தொட்டி

2024 ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. பச்சடிக்குச் சீவிய மாங்காய்த் தோல் ஒரு தட்டு நிறைய இருந்தது. அவ்வளவு புளிப்பு புழுவுக்கு ஆகாது என்பதால் அதை மண்புழு உரத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகவில்லை. வாழைப்பழத் தோலை மட்டும் பொடியாக நறுக்கி ஒரு மூலையில் புதைத்தேன்.

புழுக்கள் வந்து நாற்பது நாள் ஆகிறது. லால்குடிப் பக்கம் மாடு வைத்திருக்கும் சித்தப்பா அரைக் கிலோ புழுவை மக்கிய சாணியோடு ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். ஆப்பிரிக்கப் புழு என்கிறார்களே, யூட்ரிலஸ் யூஜினியே, அந்த வகை. பக்கவாட்டில் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் டப், அடியில் தேங்காய் நார், அதன்மேல் உப்புப் போக இரண்டு முறை அலசிய நார்க்கழிவு, அதற்கும் மேல் சாணி. திருச்சியில் ஒரு இரண்டாம் மாடி பால்கனிக்கு இது போதும்.

இன்று மெல்லக் கிளறியபோது முட்டைக்கூடுகள் தெரிந்தன. மிளகு அளவு, முனை கூம்பி, பழுப்பாக. பதினொன்று எண்ணினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குஞ்சுகள் இருக்கும். மனசு நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 23

எங்கள் பால்கனி மேற்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்கு டப்பைத் தொட்டால் கை சுடுகிறது. வெப்பமானியைச் செருகிப் பார்த்தேன், 34 டிகிரி. 35-ஐத் தாண்டினால் இந்தப் புழு தாங்காது. உடனே இழுத்துப்போய்ப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் வைத்தேன். அங்கே நாள் முழுக்க நிழல். மூடியை எடுத்துவிட்டு நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தினேன். பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரிதான். ஈரம் ஆவியாகும்போது சூடும் இறங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு 29.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். இன்று ஒன்றுமே வரவில்லை. புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் மூச்சும் போச்சு. முதல் நாளே பிடித்துத் திறந்து வைத்திருந்த தண்ணீரைக் கையால் தெளித்தேன்.

ஓரத்தில் சிற்றெறும்பு வேறு. உள்ளே காய்ந்துவிட்டது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். நான்கு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கல் வைத்து, டப்பை அதன்மேல் ஏற்றினேன். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை கிண்ணத்துத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

மே 9

எழுத மனம் வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை கும்பகோணம் கிளம்பும் அவசரத்தில், மூன்று நாள் பட்டினி கிடக்குமே என்று, புளித்துப்போன இட்லி மாவு ஒரு கிண்ணம், மீந்த சுண்டல், இரண்டு பத்தை தர்பூசணித் தோல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி மூடியையும் இறுக்கமாகப் போட்டுவிட்டுப் போனேன்.

இன்று காலை கதவைத் திறந்ததுமே கள்ளு வாடை. மூடியின் உட்புறம் முழுக்கப் புழு. தரையில் பத்துப் பதினைந்து காய்ந்து சுருண்டு கிடந்தன. உள்ளே இருந்தவற்றைப் பார்த்தபோதுதான் கை நடுங்கியது. உடம்பு அங்கங்கே வீங்கி, அங்கங்கே இறுகி, மணி கோத்த கயிறு போல. புரதமும் மாவும் மிதமிஞ்சிப் போனால் அது புளித்து, புழுவின் வயிற்றுக்குள்ளும் நொதித்து, இப்படி ஆக்கிவிடும். அந்த நிலைக்குப் போன புழு பெரும்பாலும் பிழைப்பதில்லை. சாணியும் தழையும் தின்னும் உயிருக்கு நான் போட்டது உளுந்தும் கடலையும்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

“மாவை முதல்ல வழிச்சு வெளிய போடும்மா. தண்ணி ஊத்திடாத. காத்துதான் வேணும்.”

“புதுச் சாணி கொஞ்சம் போடட்டுமா சித்தப்பா?”

“ஐயையோ, வேண்டாம். பச்சைச் சாணி சூடு ஏத்தும். ஆறின பழைய சாணி இருந்தா போடு. போன வாரம் இங்க மாட்டுக்கெல்லாம் குடற்புழு மருந்து குடுத்திருக்கு, அதனால என்கிட்ட இருந்தும் இப்ப வேண்டாம்.”

கெட்டுப்போன பாதியை அள்ளி எடுத்துவிட்டு, ஈரமாக்கிய நார்க்கழிவையும் கிழித்த செய்தித்தாளையும் ஒரு பக்கமாக நிரப்பினேன். நல்லவை தாமாக நகர்ந்து வரட்டும் என்று ஒரு பக்கம் மட்டும். புளிப்பைக் குறைக்க, காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு இரண்டு கைப்பிடி. மூடியே போடவில்லை; சாக்கு மட்டும்.

மே 10

இன்னும் சில செத்திருந்தன. வாடை குறைந்திருக்கிறது.

மே 12

புதுப் பக்கத்தில் புழுக்கள் சேர ஆரம்பித்துவிட்டன. தொட்டால் சட்டென்று சுருங்குகின்றன, தோலில் பளபளப்பு இருக்கிறது. தீனி எதுவும் போடவில்லை. அடியில் பரப்பிய நார்க்கழிவு, சாணிப் படுக்கையே அவற்றுக்குச் சாப்பாடுதான், இரண்டு வாரம் சும்மா விட்டாலும் பசியால் சாகாது. இதை கும்பகோணம் போகும் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை சாக்கைத் தூக்கும்போதும் தோன்றுகிறது.

மே 19

கோடை மழை. சாரல் பின்பக்கம்வரை வந்துவிட்டது. இரவு சில புழுக்கள் சுவரேறின. மோந்து பார்த்தேன், மழை பெய்த மண் வாசம்தான், கெட்ட வாடை இல்லை. காற்றில் ஈரம் கூடினால் இப்படி உலாவப் புறப்படும். ஆனாலும் விடாமல் தலைக்குமேல் சிறு விளக்கு ஒன்றைப் போட்டு வைத்தேன். வெளிச்சம் பிடிக்காமல் இறங்கிவிட்டன. டப்பின் அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைப் பலர் செடிக்கு ஊற்றும் புழுக் குளியல்நீர் என்று நினைக்கிறார்கள். அது ஈரம் அதிகமானதால் வடிந்த சாறு, அவ்வளவுதான். வடித்துவிட்டுக் காய்ந்த வேப்பஞ்சருகு... இல்லை, வேம்பு வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்டுக் காய்ந்த வாழைச்சருகைக் கிழித்துப் போட்டேன்.

ஜூன் 2

இப்போது வாரம் இரண்டு முறைதான் தீனி. ஒரு கைப்பிடி. பூசணித் தோல், கீரைத் தண்டு, அலசிய டீத்தூள். முன்பு போட்டது கரைந்த பிறகே அடுத்தது, அதுவும் வேறு மூலையில், மேலே இரண்டு விரல்கடை நார்க்கழிவு மூடி. அத்தை அடுப்படியிலிருந்து, “ரசத்துல வடிகட்டின புளி இருக்கு, போடலாமா?” என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும் முன்பே “வேண்டாம், உப்பு இருக்கு” என்று குப்பைக் கூடைப் பக்கம் திரும்பினார்.

ஜூன் 8

மகள் டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டிக்கொண்டு வந்தாள். சிவப்பு வெளிச்சம் புழுவுக்குத் தெரியாதாம், பள்ளியில் சொன்னார்களாம். அது சரிதான். சாக்கை மெதுவாக விலக்கினோம். பூசணித் தோலின் உட்பக்கம், வெள்ளை நூல் துண்டு போல, அரை அங்குலம்கூட இல்லாத குஞ்சுகள். அவள் இருபத்தாறு வரை எண்ணினாள். அதற்குள் ஒன்று தோலுக்கு அடியில் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.