ஷோப்பினுக்குப் பக்கத்தில் மிஷேல்

பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் 11ஆம் பிரிவு எங்கே என்று கேட்டால், ஷோப்பினைப் பார்க்கத்தானே என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் அந்தப் பியானோ இசை மேதையின் சமாதியின் மேல் தலைகவிழ்ந்து அழும் பளிங்குப் பெண், கீழே வாடாத பூக்கள், எப்போதும் நாலு பேர். நான் தேடிப் போனது அதற்கு மிக அருகில் உறங்கும் மிஷேல் பெத்ரூச்சியானியை. என் இருபதுகளைத் தாங்கிப் பிடித்த ஜாஸ் பியானோக் கலைஞர் அவர்.

1962இல் தென்பிரான்சின் ஒராஞ்ஜ் நகரில் பிறந்தார். எலும்புகள் கண்ணாடிபோல் முறியும் பிறவி நோய். உயரம் மூன்றடியைச் சுற்றியே நின்றுவிட்டது. நாலு வயதில் டிவியில் அமெரிக்க ஜாஸ் பியானோ மேதை ட்யூக் எலிங்டனைப் பார்த்துவிட்டு, அது மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். அப்பா, கிட்டார் கலைஞர், பொம்மைப் பியானோ வாங்கித் தந்தார். பிள்ளை அதைச் சுத்தியலால் உடைத்துப் போட்டான். அவன் கேட்டது நிஜப் பியானோ! பிறகு அதுவும் வந்தது.

பதிமூன்று வயதில் மேடை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா. கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் மேடையை விட்டு ஒதுங்கி வாழ்ந்த சாக்ஸபோன் மேதை சார்ல்ஸ் லாயிட், இந்தப் பையன் வாசித்ததைக் கேட்டு மறுபடி ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பினார். ஒதுங்கிய ஒரு மூத்த கலைஞரை எழுப்பிக் கூட்டிவந்த வாசிப்பு அது. விருதுகளைவிட எனக்கு இதுதான் பெரிது.

மேடைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அல்லது ஊன்றுகோலில் வருவார். கால் எட்டாததால் பெடலுக்குத் தனியாக ஒரு கருவி பொருத்துவார்கள். இந்தக் கதையைச் சொல்லியே பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கண்ணை மூடிக் கேளுங்கள்: ஒவ்வொரு ஸ்வரமும் மணி அடித்ததுபோல் தனித்தனியாகத் தெறிக்கும், எவ்வளவு வேகத்திலும் குழையாது. இரக்கப்பட அங்கே இடமே இல்லை.

1999 ஜனவரி 6, நியூயார்க். நுரையீரல் தொற்று. வயது 36.

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, 1997இல் ஃபிராங்ஃபர்ட்டில் அவர் தனியாக வாசித்த கச்சேரியைப் போட்டேன். அதில் எலிங்டன் குழுவின் ‘கேரவன்’ வரும். இடதுகை ஒரே தாளக்கட்டை விடாமல் பிடித்திருக்க, வலதுகை தன் போக்கில் ஓடும். இதுவரை கேட்காதவர்கள் அந்தப் பதிவிலிருந்து தொடங்குங்கள்.