இரண்டாவது இட்லியில் நின்ற கை

சர்க்கரைக்கும் எடைக்கும் போடும் டிர்செபடைட் ஊசியைப் போட்ட மூன்றாம் நாள் காலை, இரண்டாவது இட்லியோடு கை நின்றுவிட்டது. தட்டில் இன்னும் மூன்று இட்லி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் எல்லாம் இருந்தன. ஐம்பத்தொரு வயதில் 'போதும்' என்று வயிறு சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அப்போது என் எடை 96 கிலோ. சர்க்கரை வந்து பதினோரு வருடம். பள்ளியில் என் வகுப்பு இரண்டாம் மாடியில். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்குவேன். நடை, பேலியோ, கொள்ளு ரசம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆறேழு கிலோ குறையும், பசி அதை மீட்டுக்கொண்டு வந்துவிடும். "வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்டவர்கள் யாருக்கும் அந்தப் பசி தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளையை நினைக்க வைக்கும் பசி அது.

சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்களின் வேலையை இந்த மருந்து செய்கிறது. 72 வாரம் நடந்த ஆய்வில் 15 மில்லிகிராம் போட்டவர்களுக்குச் சராசரியாக 20.9 சதவீதம் எடை குறைந்தது. அவர்களுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. சர்க்கரை உள்ளவர்களிடம் தனியாக நடத்திய ஆய்வில், அதே அளவுக்கு 14.7 சதவீதம்தான். இதை முதல் நாளே என் மருத்துவர் சொல்லிவிட்டார். கூடவே, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக் கூடாது என்று சர்க்கரைக்கு நான் போட்டுவந்த கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாக்கினார். மேல்வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுக்குப் பரவினால் கணைய அழற்சியாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள் என்றார்.

2.5 மில்லிகிராமில் தொடங்கி 5-க்கு ஏற்றிய வாரம் மிகவும் கஷ்டப்பட்டேன். கடுகு, கறிவேப்பிலை தாளிக்கும் வாசனைக்கே குமட்டியது. ஒருநாள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாலையோரம் வாந்தி எடுத்தேன். மலச்சிக்கல் நான்கு நாள், ஐந்து நாள் என்று நீண்டது. அளவாகச் சாப்பிட்டு, எண்ணெயைக் குறைத்து, தண்ணீரை அதிகமாக்கிய பிறகு மூன்று வாரத்தில் அடங்கியது.

என்னைப் பயமுறுத்தியது வேறு. ஏழாம் மாதம், பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி டப்பாவில் கொட்டப் போனேன். பாதியில் இரண்டு கையும் நடுங்க, பை நழுவித் தரையெங்கும் அரிசி. பசிக்கவில்லையே என்று பல நாள் ஒரு இட்லியும் மோருமாக ஓட்டியிருந்தேன். எடை இறங்குவதைப் பார்க்கும் சந்தோஷம் வேறு. மருத்துவர் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்திருக்கச் சொன்னார். மூன்றாவது முறை என்னால் முடியவில்லை. குறையும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்ல, தசை முதலானவை என்று அன்றுதான் விளக்கமாகச் சொன்னார். தொடக்கத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது பசிக்காவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு முட்டை, இடைவேளையில் சுண்டல், இரவில் பனீரோ மீனோ. மாலையில் இரண்டு கிலோ டம்பெல். எடை 84-க்கு வந்திருக்கிறது, கைப்பிடி இல்லாமல் மாடி ஏறுகிறேன்.

போன வாரம் உடன் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி, "அக்கா, பெண்ணுக்குக் கல்யாணம். மூன்று மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொள்கிறேன், எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டாள். 36 வாரம் போட்டுவிட்டு நிறுத்தியவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் எடை சராசரியாக 14 சதவீதம் திரும்ப ஏறியதைச் சொன்னேன். அரிசி கொட்டிய கதையையும் சொன்னேன். "அப்படியானால் நிறுத்தவே முடியாதா அக்கா?" என்றாள். எனக்கும் அந்தக் கவலை இருக்கிறது. மாதாமாதம் செலவு சம்பளத்தைக் கடிக்கிறது.

கடைப் பெயரைச் சொல்லவில்லை. சனிக்கிழமை அவளை என் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். பித்தப்பைக் கல்லுக்கு முன்பு சிகிச்சை எடுத்தவள். அந்தப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.