களவு போன துப்பாக்கிகளை நீதிமன்றத்திலிருந்து மீட்ட அனுபவம்

திருடு போன துப்பாக்கியைக் காவல்துறையினர் தேடிப் பிடிப்பது ஒரு பாடு என்றால், பிடித்ததை உரிமையாளர் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாடு. நகையோ மடிக்கணினியோ என்றால் ரசீதைக் காட்டி, அடையாளம் சொல்லி வாங்கிவிடலாம். துப்பாக்கிக்கு அது போதாது. உரிமம் நடப்பில் இருக்க வேண்டும், உரிமத்திலுள்ள எண்ணும் துப்பாக்கியிலுள்ள எண்ணும், கைப்பற்றிய பொருளை விவரித்துக் காவல்துறை எழுதும் பறிமுதல் மகஜரிலுள்ள எண்ணும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். சென்னையில் உரிமம் வைத்திருக்கும் குடும்பங்கள் அதிகம் இல்லையென்றாலும், இருக்கும் சிலருக்காவது இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருந்தவை எல்லாம் தாத்தா வழியில் வந்தவை. பர்மிங்காமில் செய்யப்பட்ட 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று, இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .22 ரைஃபிள் ஒன்று, வாய்ப்பக்கமாக வெடிமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் மிகப் பழைய துப்பாக்கி ஒன்று, பிள்ளைகள் குறி பழகிய ஏர் கன் ஒன்று. முதல் இரண்டும் அப்பாவின் உரிமத்தில் உள்ளவை. ஏர் கன் உரிமம் தேவைப்படாத குறைந்த திறன் கொண்டது. இன்னொரு துப்பாக்கியும் இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தபோது, அதை அண்ணா சாலையில் உள்ள உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்துவிட்டோம். அன்று அப்பாவுக்கு வந்த வருத்தம், திருட்டுக்குப் பிறகு ஆறுதலாக மாறியது.

கும்பகோணத்தில் ஒரு திருமணத்துக்கு நாங்கள் போயிருந்தபோது, பின்பக்க ஜன்னல் கம்பியை அறுத்து உள்ளே வந்தவர்கள் இரும்பு பீரோவை நெம்பித் திறந்து, துப்பாக்கிகளோடு தோட்டாப் பெட்டியையும், உரிமப் புத்தகம் இருந்த துணிப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உரிமப் புத்தகமும் போனதுதான் எல்லாச் சிக்கலுக்கும் முதல் வித்து. புகார் கொடுக்கப் போனபோது, நிலையத்தில் இருந்த ரைட்டர் ‘பழைய துப்பாக்கி நான்கு’ என்று ஒரே வரியில் எழுதி புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கிழித்துக் கொடுக்க முற்பட்டார். எண்ணைச் சேர்த்து எழுதுங்கள் என்று நான் கேட்டதற்கு, “கிடைக்கட்டும் சார், அப்புறம் நம்பர் பார்த்துக்கலாம்” என்றார். இந்த இடத்தில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கையில் எண் இல்லாத துப்பாக்கியைப் பிற்பாடு உங்களுடையது என்று நிறுவுவதற்குப் படாத பாடு பட வேண்டியிருக்கும். தோட்டாக்களின் எண்ணிக்கையும் அதே அளவுக்கு முக்கியம். வாங்கியவை எத்தனை, செலவானவை எத்தனை, களவு போனவை எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள்.

எங்களைக் காப்பாற்றியது ஒரு தேர்தல் ரசீது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ வணிகரிடமோ ஒப்படைத்து, முடிந்த பின் திரும்பப் பெறுவது வழக்கம். 2024 மக்களவைத் தேர்தலின்போது அப்படி ஒப்படைத்ததற்கான ரசீதை அம்மா மின்கட்டண அட்டைகளோடு சேர்த்துச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார். அதில் இரண்டு துப்பாக்கிகளின் வகை, எண், உரிம எண் எல்லாம் முத்திரையோடு இருந்தன. அந்த ஒரு தாளை வைத்துத்தான் முதல் தகவல் அறிக்கையில் எண்கள் ஏறின. இப்போது அதன் நகல்கள் எங்கள் உறவினர் பலரின் வீட்டிலும் இருக்கின்றன.

திருடர்களைப் பிடித்தது எதிர்பாராத வேகத்தில் நடந்தது; தெருமுனைக் கண்காணிப்புக் கேமராவில் பதிவான இருசக்கர வாகனத்தை வைத்தே பிடித்துவிட்டார்கள். வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் உரிமத்தின் நகல் பெறுவதும் தடங்கலின்றி முடிந்தது. சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரி மாநகரக் காவல் ஆணையர்தான் என்பதால் பதிவேடுகள் அங்கேயே இருந்தன.

சிக்கல் மகஜரில் இருந்தது. இரட்டைக் குழல் துப்பாக்கியைத் திருடர்கள் கழற்றி, குழலை ஒருவர் வீட்டுப் பரணிலும் கட்டையை இன்னொருவர் வீட்டிலும் பதுக்கியிருந்தார்கள். இரண்டு இடத்தில் கைப்பற்றியதால் இரண்டு மகஜர். நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டபோது இரண்டு சொத்து எண்கள். போதாக்குறைக்கு, துருப்பிடித்த குழலில் இருந்த 3 என்ற இலக்கத்தை எழுதியவர் 8 என்று எழுதிவிட்டார். நீதிமன்றத்தின் வழக்குச் சொத்துப் பிரிவு எழுத்தர் எங்கள் மனுவோடு இருந்த பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க லைசன்ஸ்ல ஒரு துப்பாக்கி, இங்க இருக்கிறது ரெண்டு அயிட்டம், நம்பரும் வேற. எதை எடுத்துத் தர்றது?” என்று கேட்டார். கேள்வியில் தவறு இல்லை. ஆனால் பதில் சொல்ல வாய்ப்பே கொடுக்காமல் கோப்பை மூடி, அடுத்தவரைக் கூப்பிட்டதைத்தான் இன்னும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறையும் வழக்குரைஞர் வந்தால்தான் பேச முடியும் என்றார். வழக்குரைஞர் வந்தபோது விசாரணை அதிகாரி வந்தால்தான் முடியும் என்றார்.

கடைசியில் வழக்குரைஞர் சொன்ன யோசனைப்படி, துப்பாக்கியை நீதிமன்றத்திலேயே ஆயுதப் பழுதுநீக்குநர் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்க அனுமதி கேட்டு மனு போட்டோம். காவல்துறையின் ஆர்மரர் வந்தார். இவ்வகைத் துப்பாக்கியில் குழல், விசைப்பகுதி, முன்கட்டை ஆகிய மூன்றிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதை அவர் விளக்கி, துருவின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, விரலால் துடைத்தார். பள்ளத்தில் தங்கிய வெள்ளைத் தூளில் இலக்கங்கள் பளிச்சென்று தெரிந்தன. எட்டாக எழுதப்பட்டிருந்தது மூன்றுதான். பிறகு குழலையும் கட்டையையும் இணைத்து, முன்கட்டையைப் பூட்டி, ‘டக்’ என்று மூடிக்காட்டினார். சொந்தத் துப்பாக்கியின் குழல்தான் அந்த அளவுக்கு இடைவெளியின்றிப் பொருந்தும் என்று அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ் எங்கள் வழக்கையே திருப்பிவிட்டது. அப்பா அந்த ஒலியைக் கேட்டதும் சிரித்த சிரிப்பை எழுத்தரும் நிமிர்ந்து பார்த்தார். உரிமம் வைத்திருப்பவர்கள் இன்றே தங்கள் துப்பாக்கியின் எண்களைச் சாய்ந்த வெளிச்சத்தில், மூன்று பாகங்களிலும் தனித்தனியாகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் தீர்ந்ததும் உரிமம் வந்து நின்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அப்பாவின் உரிமம் புதுப்பிக்க வேண்டிய காலம் நெருங்கியது. விசாரணைக்கு வந்த உள்ளூர் நிலையத்துக்காரர் துப்பாக்கியை நேரில் பார்த்தால்தான் பரிந்துரைப்பேன் என்றார். துப்பாக்கி நீதிமன்றத்தில் இருக்கிறது. நீதிமன்றமோ நடப்பிலுள்ள உரிமத்தைக் காட்டினால்தான் தரும். இப்படி இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே எண்பது வயதைத் தாண்டியவரை அலையவிட்டார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், நீதிமன்றச் சொத்துப் பட்டியலின் சான்றிட்ட நகல், துப்பாக்கி வழக்குச் சொத்தாக இருக்கிறது என்று விசாரணை அதிகாரி எழுதிய கடிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்த பின்தான் பரிந்துரை நகர்ந்தது. காலாவதி தேதிக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும்விட எங்களை நடுங்க வைத்தது மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிதான். மகஜர் எழுதியவர் அதை ‘உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி’ என்று குறித்துவிட்டார். திருட்டுக் கொடுத்தவர்மேலேயே ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்குப் பதிய அந்த ஒரு வரி போதும். நிலையத்தில் ஓர் அதிகாரி, “இதுக்கு லைசன்ஸ் எங்க?” என்று அப்பாவை உட்காரவைத்துக் கேட்ட தொனி, களவு போனதைவிட அதிகமாக அவரைப் புண்படுத்தியது. பழுதுநீக்கினாலும் சுட முடியாத, தொன்மை மதிப்புள்ள ஆயுதத்துக்கு அச்சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. அதன் குழல் வாயில் ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்தது தாத்தா காலத்திலேயே. இதை வாயால் சொல்லிப் பயனில்லை. மயிலாப்பூர் தடய அறிவியல் ஆய்வகத்தின் துப்பாக்கியியல் பிரிவு அளித்த அறிக்கையில் ‘சுடும் நிலையில் இல்லை’ என்று வந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. வீட்டில் சுவரில் மாட்டிய பழைய துப்பாக்கி உள்ளவர்கள், அது சுடாது என்பதற்கு எழுத்துமூலமான சான்று ஒன்றை முன்கூட்டியே பெற்று வைப்பது நல்லது.

வழக்கு முடிவதற்கு முன்பே சொத்தை ஒப்படைப்பது பற்றி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஒப்படைக்கப்பட்ட சொத்துக்கு 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல் எழுதி, படமும் எடுத்துவிட வேண்டும்; பட்டியல் எழுதிய 30 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். வழக்குச் சொத்தைத் தேவைக்கு மேல் நீதிமன்றத்தில் தேக்கி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002ஆம் ஆண்டே கூறியிருக்கிறது. எங்கள் வழக்குரைஞர் அந்தத் தீர்ப்பை மனுவோடு இணைத்திருந்தார். ஏட்டில் உள்ள 30 நாளுக்கும் நாற்காலியில் நாங்கள் காத்திருந்த நாளுக்கும் உறவே இல்லையென்றாலும், நீதிபதி மனுவைப் படித்த அன்றே ஆணை கிடைத்தது. பிணைப்பத்திரம், ஜாமீன்தாரர் இருவர், விற்கவோ மாற்றவோ கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனைகள். இவற்றில் தொல்லை ஏதுமில்லை.

வாங்கும் நாளில் ஆணையின் சான்றிட்ட நகல், அசல் உரிமம், துப்பாக்கி உறை ஆகியவற்றோடு உரிமதாரர் நேரில் போக வேண்டும். உறை கொண்டுபோகாதவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். சாக்கிலிருந்து எடுக்கும்போதே எண்ணைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ரைஃபிளின் கட்டையில் ஒரு விரிசல் இருந்தது. ஒப்புகைச் சீட்டில் அதைக் குறிப்பிடுவேன் என்று நான் பிடிவாதமாக நின்றபோது எழுத்தர் முணுமுணுத்தார், ஆனால் எழுதினார். தோட்டாக்களில் சில ஆய்வகச் சோதனையில் செலவானதால் கணக்கு குறைந்திருந்தது. அதையும் எழுதி வாங்கி, உரிமத்துடன் வைத்திருக்கிறோம்.

இரட்டைக் குழலும் ரைஃபிளும் ஏர் கன்னும் இப்போது வீட்டில், சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் இல்லாததால், அதை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. ஆய்வக அறிக்கையை இணைத்துத் தனியாக ஒரு மனு போட்டிருக்கிறோம். கோடை விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறந்ததும் அது விசாரணைக்கு வருகிறது.