விரல் மடங்காத காலைகள்

குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் எனக்கு இது பதினெட்டாவது வருடம். கம்பத்தில் விடிந்ததும் ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் எட்டு மணிக்கு முறத்தின் முன்னால் உட்கார்ந்துவிடலாம். சல்லடை 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று அளவைப் பிரித்துக் கொடுத்துவிடும். வெடித்த காய், சொறி விழுந்த காய், பச்சை வெளுத்த காய் இவற்றையெல்லாம் கைதான் பொறுக்க வேண்டும். பழகிய கை, கண் பார்க்கும் முன்பே காயை ஒதுக்கிவிடும்.

அந்தக் கை ஒருநாள் காலையில் தூக்குவாளி மூடியைத் திருக முடியாமல் நின்றது.

இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்து, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து, நோய் திரும்பாமலிருக்க லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. தினம் ஒன்று, ஐந்து வருடத்துக்கு. விரல் கணுக்கள் கெட்டித்துப்போய், மடக்கினால் விரியவில்லை, விரித்தால் மடங்கவில்லை. தரையிலிருந்து எழுந்தால் முழங்கால் பத்தடி நடந்த பிறகே இளகும். வயதாகிறது என்று எண்ணிக்கொண்டேன். முடி வளர்ந்துவிட்டது, பார்ப்பவர்களுக்கு நோய் தீர்ந்துவிட்டது. இனி என்ன வலி என்று கேட்டால் என்ன சொல்வது? எங்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. கை மெதுவானால் கூலி குறையும். கூலியைவிட, உட்காரும் இடம் போய்விடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் மாத்திரை எடுக்க மறந்தேன். மறுநாள் தெரிந்தே எடுக்கவில்லை. அப்படியே 19 நாள் போயின. விரல்கள் கொஞ்சம் இளகின. ஆனால் இரவில் தூக்கம் போனது. மார்புத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே விடியும்.

மதுரையில் என் டாக்டரிடம் அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்றார். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உருவாகிக்கொண்டே இருக்குமாம். என்னுடைய கட்டி அதைக் குடித்து வளரும் வகை. மாத்திரை அந்த உற்பத்தியைத் தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் மூட்டுகள் நோகின்றன. இந்த வகை மாத்திரை சாப்பிடும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வலி வருகிறதாம். அதைக் கேட்டபோது வலி குறையவில்லை, ஆனால் தனியாக இருக்கிறேன் என்ற எண்ணம் போனது. மாத்திரை தரும்போதே இதை ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லிவிட வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வேறு மூட்டு நோய் இல்லை என்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டு, அதே வகையில் வேறொரு மாத்திரையான எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராமுக்கு மாற்றினார். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாத சிலருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்ளும் என்றார். எலும்பு தேயாமலிருக்கக் கால்சியமும் வைட்டமின் டியும் தந்து, எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எழுதினார். எல்லாவற்றையும்விட வலியுறுத்திச் சொன்னது நடையைத்தான்: வாரத்துக்கு 150 நிமிடம், அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி. வலிக்கிற காலோடு நடக்கச் சொல்கிறாரே என்று மனம் குமைந்தது. நாலைந்து வாரம் கழித்துத்தான் அவர் சொன்னது உடம்புக்குப் புரிந்தது.

இப்போது எழுந்ததும் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, நீருக்குள்ளேயே விரல்களை மடக்கி விரிப்பேன். ஜீப் ஏற ஒரு நிறுத்தம் தள்ளி நடந்து போய் நிற்கிறேன். கூடத்தில் கணக்குப் பார்க்கும் சேட்டனிடம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பேசினேன். காலையில் முதல் ஒரு மணி நேரம் எடை போடுவது, சாக்குக்குச் சீட்டு எழுதுவது என்று நின்று நடக்கும் வேலை. விரல் இளகிய பிறகு முறம். "அதினெந்தா சேச்சி", அதற்கென்ன அக்கா, என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். எட்டு மாதம் நான் பயந்து கிடந்தது இந்த ஒரு பேச்சுக்கு. வலி முழுதாகப் போகவில்லை. மழைக்காலத்தில் மணிக்கட்டு கனக்கிறது. ஆனால் மாத்திரையை ஒருநாளும் விடவில்லை.

போன வாரம் கூடலூரிலிருந்து புதிதாக வந்த ஒரு தங்கை, முறத்துக்கு அடியில் கையை மறைத்து விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். என்ன மாத்திரை என்று மெல்லக் கேட்டேன். சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். பாதி மாத்திரைகள் பிரிக்காமலே இருந்தன. வியாழக்கிழமை அவளோடு நானும் மதுரை பஸ் ஏறுகிறேன்.