மீன் ஏற்றிய வண்டி வேண்டாம்

பழைய டீசல் பிக்கப் ஒன்று தேடுகிறேன் என்று வாய் திறந்ததுமே, எங்கள் ஊரான குமரி மாவட்டத்துக் கருங்கலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசினார்கள். எத்தனை குதிரைத்திறன், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், டர்போ உண்டா? வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தாயா என்று ஒருவராவது கேட்டிருந்தால் அவருக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்திருப்பேன். இழுக்கிற வண்டிக்கு உயிர் அதன் வாலில்தான் இருக்கிறது.

எங்களுடையது அப்பா தொடங்கிய வாடகைத் தொழில். கான்கிரீட் மிக்சர், ஜெனரேட்டர், வைப்ரேட்டர், சென்ட்ரிங் தகடு, அதைத் தாங்கும் இரும்பு ஜாக்கி எல்லாம் உண்டு. இன்றைக்குத் தேங்காப்பட்டணம் கடற்கரையில் ஒரு மாடிக்குக் கான்கிரீட் என்றால், நாளைக்குத் திருவட்டாறு தாண்டி ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு வீடு. இதுவரை மிக்சரை வாடகை டிராக்டரில் கட்டித்தான் அனுப்பினோம். சரியாகக் கான்கிரீட் போடுகிற நாளில்தான் டிராக்டர்காரருக்கு வேறு வேலை வரும். கொத்தனாரும் ஆட்களும் மிஷினுக்காகக் காத்து நிற்பார்கள். வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்வார். அந்தப் போன்களைக் கேட்டுக் கேட்டுத்தான் சொந்தமாக ஒரு வண்டி என்று முடிவு செய்தேன்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் இழுக்கப்போவது எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டும். மிக்சரை எடைமேடையில் ஏற்றினேன். எங்களுடையது 10/7 மிஷின். பத்து கன அடி ஜல்லி, மணல், சிமெண்ட் போட்டால் ஏழு கன அடி கலவை வரும் என்பதுதான் அந்தக் கணக்கு. சாமான் கொட்டும் ஹாப்பர், டீசல் இன்ஜின் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன்னைத் தாண்டியது. அதற்கு நான்கு சக்கரம். தன் எடையைத் தானே தாங்கிக்கொள்ளும். வண்டியின் இழுவைக் கொக்கியின் மேல் பாரம் ஏறாது. ஆனால் அதற்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் அந்த ஒன்றரை டன்னும் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும்.

ஜெனரேட்டர் டிராலியின் குணம் வேறு. அது இரண்டு சக்கரம். மூக்கு கொக்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மூக்கில் இருந்தால் டிராலி ஒழுங்காகப் பின்னால் வரும். அதைவிடக் குறைந்தால் வால் ஆடத் தொடங்கும். கூடிப்போனால் வண்டியின் முன்பக்கம் எழும்பி ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும், மழையில் அதைவிட ஆபத்து இல்லை. ஜெனரேட்டரைச் சட்டத்தில் முன்னும் பின்னும் நகர்த்தி அந்த எடையைச் சரிசெய்யலாம். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை.

இனி வண்டிகள். அசோக் லேலண்ட் தோஸ்த் எனக்குப் பிடித்த வண்டிதான். சந்துக்குள் திரும்பும், டீசல் குறைவு. ஆனால் ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். தன் முதுகில் சுமப்பதற்குச் செய்தது அது. பின்னால் ஒன்றரை டன்னைக் கட்டிக்கொண்டு குலசேகரம் பக்கத்து ஏற்றங்களில் நின்று புறப்படச் சொன்னால் கிளட்ச் அழும். டாடா 207 டிஐ பழைய ஆட்களின் செல்லம். ஏறத்தாழ மூன்று லிட்டர் இன்ஜின், முடுக்காமலே இழுக்கும். ஆனால் இப்போது விலைக்கு வருகிறவை எல்லாம் வாழ்ந்து முடித்தவை. அதற்கு அடுத்து 2017இல் வந்த யோதா, இழுவையில் (டார்க்) 250 நியூட்டன் மீட்டர். மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் 2,523 சிசி இன்ஜின், சுமார் 200. இசுசு எஸ்-கேப் இரண்டரை லிட்டர்; காகிதத்தில் இழுவை இவற்றைவிடக் குறைவு. அதே இசுசுவின் வி-கிராஸ் 1.9 லிட்டர் இன்ஜினில் 360 தரும். ஆனால் அந்த விலைக்கு நான் இரண்டு மிக்சர் வாங்கிவிடுவேன்.

எண்களை மட்டும் பார்த்தால் யோதாதான். ஆனால் மிக்சருக்கு ஸ்பிரிங் கிடையாது. இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இழுத்தால் அதன் அச்சே கழன்றுவிடும். அந்த வேகத்துக்கு யோதா, பொலேரோ இரண்டில் எதுவும் போதும். ஆகவே கருங்கலிலும் மார்த்தாண்டத்திலும் உதிரிப்பாகம் கடைக்குக் கடை கிடைக்கிற, எந்த மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கிற பொலேரோ பக்கம் சாய்ந்தேன்.

எந்த ஆண்டு வண்டி என்பதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அந்த டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கும். சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ள வேண்டுமென்றால் வண்டி கொஞ்ச நேரம் சூடாக, ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நான் ஓட்டப்போவதோ இரண்டாம் கியரில் நாலு கிலோமீட்டர், பிறகு நாள் முழுக்க நிறுத்தம். அப்படி ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் 2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடைப்பட்ட பிஎஸ் 4 வண்டி மட்டும் போதும் என்று தீர்மானித்தேன். நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இப்போது மீன் கதைக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் விலைக்கு நிற்கிற பிக்கப்புகளில் கணிசமானவை குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைகளிலிருந்து மீன் கொண்டுபோனவை. மீனுக்கு ஐஸ் வேண்டும். ஐஸ் உருகி, மீனின் உப்புநீரோடு கலந்து, வண்டியின் சரக்குத் தொட்டியின் பின்பக்கமாக வழியும். வழிந்து எங்கே சொட்டுகிறது? சேசிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், கடைசிக் குறுக்குச் சட்டத்தில், கமான் பட்டை என்கிற அடுக்கு ஸ்பிரிங்கைத் தாங்குகிற பின் தாங்கியில். இழுவைக் கொக்கியை போல்ட் போட்டு மாட்டுகிற இடமும் அதுதான். இன்ஜின் சிங்கம் மாதிரி உறுமலாம். கொக்கி மாட்டுகிற இரும்பு அப்பளம் மாதிரி ஆகியிருந்தால் அந்த உறுமலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விற்கிறவருக்கும் இது தெரியும். அதனால்தான் சேசிஸுக்குப் புதிதாகக் கருப்பு பெயிண்ட் அடித்திருப்பார்கள். மார்த்தாண்டம் அருகே ஒரு வண்டித் தரகரிடம் போனோம். நான்தான் வாங்குகிறவள், பணம் என் கைப்பையில். ஆனால் அவர் விலையைச் சொன்னது என் தம்பியிடம். என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்கள் நிழலில் உட்காருங்கள்” என்றார். புடவை கட்டிக் கைப்பை வைத்திருந்தால் இந்த மாவட்டத்தில் டீச்சர்தான், அதில் வருத்தமில்லை. நான் உட்காரவில்லை. பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். நல்ல இரும்பைத் தட்டினால் கணீர் என்று ஒலிக்கும். துரு தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும், மேலிருக்கும் பெயிண்ட் செதிலாக உதிரும். அந்த வண்டியில் பின் தாங்கிக்கு அருகே ஸ்குரூ டிரைவர் நுனி உள்ளேயே இறங்கியது. வெளியே வந்தபோது தரகர் என்னிடமே பேசத் தொடங்கியிருந்தார்.

துரு இல்லாவிட்டாலும் அடியில் பார்க்க நிறைய இருக்கிறது. கமான் பட்டைகளில் புதிதாக ஒன்று செருகியிருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி. சேசிஸில் பற்றவைத்த தழும்பு இருந்தால், ஏன் பற்றவைத்தார்கள் என்று சொல்லும்வரை விலை பேச வேண்டாம். தாங்கிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பின் அச்சைச் சுழற்றுகிற புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பிடித்து ஆட்டினால், அதன் இணைப்பான கிராஸின் தேய்மானம் தெரிந்துவிடும். ஓடும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் பின் அச்சிலுள்ள கிரௌன் பல்சக்கரம் போய்க்கொண்டிருக்கிறது. இழுக்கிற வண்டியில் முதலில் சாகிறவை இவைதாம்.

அடுத்தது பிரேக். பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே போய் ஒரு வால்வில் சேரும். தொட்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை அந்தக் கம்பி அளந்து சொல்லும். காலி வண்டி என்றால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமக்கிற வண்டிக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு நான்கு சக்கர மிக்சரை இழுத்தால் என்ன ஆகும்? கொக்கியில் பாரமில்லை, கம்பி தாழாது, வால்வு நம் வண்டியைக் காலி என்றே நினைக்கும். பின்னால் ஒன்றரை டன் தள்ளுகிறது, பின் பிரேக்கோ பாதிதான். ஆகவே மிக்சர் போகும்போது தொட்டியில் ஜாக்கியோ தகடோ ஏற்றாமல் அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன். பழைய வண்டிகளில் இந்தக் கம்பி துருவேறி இறுகியிருக்கும், அல்லது யாராவது கழற்றிக் கட்டுக்கம்பியால் கட்டிவைத்திருப்பார்கள். நான் பார்த்த வண்டிகளில் இரண்டு வகையும் இருந்தன.

இன்ஜினை எங்கள் குடும்ப மெக்கானிக்கிடம் விட்டுவிட்டேன். எழுபதைத் தாண்டியவர், வட்டாரத்துக்கே ஆசான். “மக்களே, வண்டி பார்க்கப் போனால் முதலில் பானட்டில் கையை வை. சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடு” என்பார். காலையிலேயே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் கிளம்ப மறுப்பதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜினை அவர் முன்னால் கிளப்ப வேண்டும். நீலப் புகை நின்றுகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் புசுபுசுவென்று காற்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தால் பேசவே வேண்டாம். கிளட்ச்சுக்கு அவர் முறை எளிது: கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விடுவார். இன்ஜின் அணைந்தால் நல்லது. அணையாமல் சுற்றிக்கொண்டிருந்தால் கிளட்ச் பிளேட்டுக்கான பணத்தை விலையில் கழிக்கச் சொல்வார்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் சந்தையில் உண்டு. 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். சீட்டைத் தாங்கும் தண்டவாளத்தில் வண்டல், விளக்குக்குள் நீர்க்கோடு, வயர் இணைப்புகளில் பச்சைப் பூச்சு ஆகியவை சாட்சி சொல்லும்.

களியக்காவிளைக்கு அப்பால் கேஎல் என்ற கேரளப் பதிவில் விலை குறைவு என்று நிறையப் பேர் ஆசை காட்டினார்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்து முடித்தால் அந்தக் குறைவு எங்கே போகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கம் போகவில்லை. நம் மாவட்டத்து டிஎன் 74, டிஎன் 75 போதும்.

கடைசியில் வண்டி கிடைத்தது குலசேகரம் பக்கத்தில். 2018 பொலேரோ, வாழைக்குலையும் ரப்பர் ஷீட்டும் ஏற்றியது. ரப்பர் ஷீட்டின் புகை நாற்றம் தொட்டியில் இன்னும் இருக்கிறது. பெயிண்ட் மங்கல், கதவில் கீறல், சீட் கிழிசல். அடியில் செம்மண் ஒட்டியிருந்தது, கருப்பு பெயிண்ட் இல்லை. சுத்தியலுக்குக் கணீர் என்று பதில் வந்தது. வண்டிக்காரர் ஐந்தரை லட்சம் கேட்டார். கிளட்ச்சும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங்கும் மாற்ற வேண்டியிருந்ததைக் காட்டி 5,10,000 ரூபாயில் முடித்தோம். பார்க்கப் பளபளப்பாக இருந்த மீன் வண்டி ஒன்று இதைவிட எண்பதாயிரம் குறைவாகவே கிடைத்திருக்கும். தம்பி இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பணம் கொடுக்கும் முன் ஆர்சி என்கிற பதிவுச் சான்றில் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று அரசின் பரிவாகன் தளத்தில் பார்த்தேன். கடன் நிறுவனத்தின் கையெழுத்தோடு படிவம் 35 இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்கவில்லை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் கையெழுத்தாகி மார்த்தாண்டம் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்சி என்கிற தகுதிச் சான்று, அதற்குப் பிறகு ஆண்டுதோறும். நம்முடையதற்கு அந்த வயது வந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்தச் செலவையும் வாடகையில் சேர்த்துவிட்டேன்.

கொக்கியை ஆசானின் பட்டறையிலேயே மாட்டினோம். பம்பரில் பற்றவைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகக் கூடாது. சேசிஸின் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் தகடு கொடுத்து போல்ட் போட வேண்டும். மிக்சரின் இழுவைத்தண்டு தரைக்கு இணையாக வருகிற உயரத்தில் கொக்கி இருக்கிறது. கொக்கி விட்டாலும் மிஷின் ஓடிப்போகாமல் இருக்கக் குறுக்காக இரண்டு சங்கிலி. மிக்சரின் பின்னால் சிவப்பு விளக்குக்கு வயர் இழுத்தாகிவிட்டது. இண்டிகேட்டர் இன்னும் பாக்கி. டிரைவருக்கு நான் சொல்லியிருப்பது ஒன்றுதான்: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. அடுத்த வாரம் பேச்சிப்பாறை சாலையில் ஒரு வேலை, மிக்சர் போகிறது. அதற்குள் இண்டிகேட்டரை முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.