முப்பத்தைந்தாவது கிலோமீற்றரில் கேட்கப்பட்ட வாய்ப்பாடு

திருகோணமலையில் ஒரு பெண் விடியற்காலை நாலரை மணிக்குத் தனியாக ஓடப் புறப்படுவது இன்றும் இலகுவான காரியமன்று. தெருநாய்களுக்கு அஞ்ச வேண்டும், விளக்கில்லாத வீதிகளுக்கு அஞ்ச வேண்டும், படலையடியில் நின்று பார்ப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு பதிலையும் கையோடு வைத்திருக்க வேண்டும். நான் கூட்டாக ஓடத் தொடங்கியது இந்த அச்சங்களால்தான். நட்பு அதன் பின்னால் மெல்ல வந்தது. எங்களில் மூத்தவர் ஓர்ஸ் ஹில் பக்கம் வசிக்கும் கணித ஆசிரியை, எனக்கு அக்கா, மற்றவளுக்கு டீச்சர். அந்த மற்றவள் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் கின்னியாக்காரி. அவளை விடியுமுன் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். நான்காமவன் திருக்கடலூரைச் சேர்ந்த, இருபது வயதுகூட நிரம்பாத தம்பி. கடலில் நீந்துவதுதான் அவனுக்கு விருப்பம் என்றாலும், எங்கள் நீண்ட ஓட்டங்களில் சைக்கிளில் தண்ணீர்ப் போத்தல்களோடு கூடவே வருவான்.

எங்கள் வழமையான பாதை உட்துறைமுக வீதியில் தொடங்கும். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, புள்ளிமான்கள் எழும்பி விலகுவதைப் பார்த்துக்கொண்டு கோணேஸ்வரம் வரை ஏறி இறங்குவோம். அதன் பிறகு நிலாவெளி வீதியைப் பிடித்து, உப்புவெளியில் வீதியோரம் இருக்கும் போர்க்கல்லறையைக் கடந்து, நேரமும் கால்களும் இடங்கொடுக்கும் அளவுக்கு வடக்கே போவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு கின்னியாப் பக்கம். அங்கே 2009 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலத்தில் ஓடும்போது, பாலம் வருமுன் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்திருந்து பாடசாலைக்குப் பிந்திப் போன நாட்களைத் தோழி சொல்லிக்கொண்டே வருவாள். நோன்பு மாதத்தில் அவளுக்காகவே பயிற்சியை இரவுக்கு மாற்றினோம். தராவீஹ் தொழுகை முடிந்து அவள் வந்து சேர்ந்த பிறகு, ஊர் முழுவதும் விழித்திருக்கும் அந்த வேளையில் கின்னியாவில் ஓடுவதைப் போன்ற பாதுகாப்பை நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை.

இந்த ஊரில் நெடுந்தூரம் ஓடுவதற்குக் காற்றைப் படித்திருக்க வேண்டும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வை தோலில் நிற்பதேயில்லை, வந்தவுடன் உலர்ந்துவிடும். ஆகையால் எவ்வளவு இழந்தோம் என்பது, ஓடி முடிந்த பின் முகத்தைத் தடவி, கையில் உப்பு ஒட்டுவதைப் பார்க்கும்போதுதான் தெரியும். வாடைக்காலத்தில் இதற்கு நேரெதிர். வியர்வை வழிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் உலராது, உடலும் குளிராது. இதையெல்லாம் எண்களாக்கியவர் அக்காதான். ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எங்களைத் தராசில் ஏற்றி, குடித்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்து, ஒரு மணித்தியாலத்தில் யார் எவ்வளவு வியர்க்கிறோம் என்று கொப்பியில் எழுதி வைத்தார். ஆடி மாதத்து ஒரு காலையில் நான் 58.4 கிலோவில் புறப்பட்டு, ஒரு மணித்தியாலம் ஓடி, இடையில் 300 மில்லிலீற்றர் குடித்து, 57.5 கிலோவில் திரும்பினேன். ஆகவே என் கணக்கு மணித்தியாலத்துக்கு 1.2 லீற்றர். அந்த எண்ணை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கோவைகளோடு வாழ்பவளுக்கு, எழுதிவைக்கப்பட்டதை நம்புவது இயல்பாகிவிடுகிறது.

அக்காவிடம் கொப்பியில் இல்லாத அறிவும் இருந்தது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து திருகோணமலை வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையில் அவர் இளவயதில் பல நாட்கள் நடந்தவர். முன்னால் போகிறவர் பின்னால் வருபவரின் காலடியைக் காதால் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்பதையும், வழியில் ஊரவர் தரும் உப்புப் போட்ட கஞ்சியின் அருமையையும் அங்கேதான் கற்றதாகச் சொல்வார். எங்கள் போத்தல்களில் ஒன்றில் எப்போதும் அந்தக் கஞ்சி இருக்கும்.

வாய்ப்பாடு கேட்கும் பழக்கமும் அவருடையதே. இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும் நாட்களில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "பிள்ளை, ஆறு ஒன்பது?" என்று கேட்பார். ஐம்பத்துநான்கு என்று உடனே சொன்னால் ஓடலாம். யோசித்துச் சொன்னால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிழையாகச் சொன்னால் நிற்க வேண்டும், அதில் வாதத்துக்கு இடமில்லை. தொடக்கத்தில் பொழுதுபோக்கு என்று நினைத்தேன். பின்னர்தான் விளங்கியது, கால் களைப்பதை ஓடுபவர் தானே அறிவார், மூளை களைப்பதை அறிய வேண்டியதும் அதே மூளைதான் என்பதால் அது வெளியிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று.

அரை மரதன்கள் மூன்றை நாங்கள் சேர்ந்தே ஓடி முடித்தோம். அவற்றைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. 21 கிலோமீற்றர் நன்றாகத் தயாரானவரைப் பெரும்பாலும் மன்னித்துவிடும். முழு மரதன் அப்படியன்று. உடல் சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து ஏறத்தாழ முப்பதாவது கிலோமீற்றருக்குள் வற்றத் தொடங்குகிறது, அதற்குப் பிறகும் பன்னிரண்டு கிலோமீற்றர் கிடக்கிறது. 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், வின்ட்சர் கோட்டையில் புறப்பட்டு அரங்கிலே அரச குடும்பம் அமர்ந்திருந்த மாடத்தின் முன் முடிவதற்காக அளக்கப்பட்ட 42.195 கிலோமீற்றர், 1921 இல் உலகம் முழுவதற்குமான தூரமாக உறுதிசெய்யப்பட்டது. அந்தக் கடைசி 195 மீற்றரை நினைத்து நான் பல இரவுகள் விழித்திருந்திருக்கிறேன்.

எங்கள் முதல் முழு மரதன் கொழும்பில். அன்று தம்பி வரவில்லை, பெண்கள் மூவரும் போனோம். புறப்பட்ட நேரத்திலிருந்தே தூறல். மேகம் கலையவில்லை, கடற்பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. கின்னியாத் தோழி பத்தாவது கிலோமீற்றரிலேயே தன் வேகம் வேறு என்று உணர்ந்து முன்னே போய்விட்டாள், நாங்களும் போகச் சொன்னோம். நானும் அக்காவும் ஒரே அடியில் ஓடினோம். தண்ணீர் வைத்திருந்த ஒவ்வொரு மேசையிலும் நான் இரண்டு கோப்பை எடுத்தேன். மணித்தியாலத்துக்கு 1.2 லீற்றர் என்ற கணக்கு தவறக்கூடாது என்பதே என் கவனம். பதினைந்தாவது கிலோமீற்றரளவில் அக்கா, "தாகம் இல்லையென்றால் குடிக்காதே, இது எங்கள் ஊர்க் காற்றில்லை" என்றார். அட்டவணையை எழுதியவரே அதைக் கைவிடச் சொன்னதை நான் கேட்கவில்லை. அவர் கோப்பைகளைத் தொடாமல் கடந்துபோனார், நான் குடித்துக்கொண்டே வந்தேன்.

முப்பதைத் தாண்டியபோது வயிறு குமட்டியது. விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியது. இதுதான் எல்லோரும் சொல்லும் களைப்பு என்று எண்ணி இன்னும் கொஞ்சம் குடித்தேன். முப்பத்தைந்தாவது கிலோமீற்றர்ப் பலகையைக் கடந்தபோது நாலே முக்கால் மணித்தியாலம் கழிந்திருந்தது. அப்போதுதான் அக்கா கேட்டார், "ஏழு எட்டு?"

அறுபத்துநான்கு என்றேன். இன்னொரு தடவை கேட்டார். அறுபத்துநான்கு என்றேன், இரண்டாம் முறை உரத்தே சொன்னதாக அவர் பின்னர் சொன்னார். அவர் என் முழங்கையைப் பிடித்து வீதியோரத்துக்கு இழுத்தார். நான் கையை உதறினேன். "அக்கா, இன்னும் ஏழு கிலோமீற்றர்தான், விடுங்கோ" என்று கெஞ்சியதும் பின்னர் ஏசியதும் எனக்குத் துண்டு துண்டாக நினைவிருக்கின்றன. மருத்துவக் கூடாரத்தில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு போத்தல் தண்ணீரை என் வாயில் வைக்க வந்தார். அக்கா அதைத் தட்டிவிட்டு, "இவள் வெயிலில் காய்ந்தவளில்லை, தண்ணீர் கூடினவள், முதலில் நிறையைப் பாருங்கோ" என்று வைத்தியரிடம் சொன்னார். தராசு 59.6 காட்டியது. காலையில் நான் 58.4. ஐந்து மணித்தியாலம் ஓடிய ஒருத்தி 1.2 கிலோ கூடியிருந்தாள்.

வைத்தியசாலையில் குருதியில் சோடியம் லீற்றருக்கு 126 மில்லிமோல் என்றார்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது. 3 சதவீத உப்புநீர் 100 மில்லிலீற்றரை நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். அன்று மாலையே எனக்கு ஏழு எட்டு ஐம்பத்தாறு என்பது தெளிவாகத் தெரிந்தது.

இதற்குப் பிறகு நான் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் எழுத வேண்டும். உயிரைக் காத்தவருக்கு நன்றி சொல்வதற்குப் பதிலாக ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நான் அக்காவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. எட்டு மாதப் பயிற்சி, ஏழு கிலோமீற்றரும் 195 மீற்றரும் மிச்சமிருக்கையில் பறிக்கப்பட்டதாகவே என் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. அவரும் அன்று தன் ஓட்டத்தைக் கைவிட்டார், ஐம்பத்தொரு வயதில் அது அவருக்கும் முதல் மரதன் என்பதை ஒரு கணமேனும் நினைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை.

என்னை மாற்றியது தம்பி சொன்ன ஒரு பேச்சு. ஒரு மாலை டச்சுக்குடாக் கரையில் இருந்தபோது, வல்வெட்டித்துறை ஆனந்தனைப் பற்றி அவன் பேசத் தொடங்கினான். 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை முதலில் நீந்திக் கடந்தார். 1971 இல் குமார் ஆனந்தன் அதே கடலைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தினார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது அவர் உயிர் நீத்தார். இவை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்திகள்தாம். தம்பி சொல்ல வந்தது வேறு. "அக்கா, நீந்துறவருக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு படகு போகும். நீந்துறவர் படகைத் தொடக்கூடாது, ஆனா போதும் எண்டு படகில இருக்கிறவை சொன்னால் ஏறத்தான் வேணும். நான் நீந்தப் போனால் என்ர அப்பாவைத்தான் படகில வைச்சிருப்பன், ஏனெண்டால் அவர் என்னைப் பாவம் பார்க்கமாட்டார்." அவன் என் கதையை நினைத்துத்தான் சொன்னானோ தெரியாது. நான் அன்றிரவே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் எதுவும் கேட்காமல் தேநீரும் பனங்கட்டியும் வைத்தார்.

அதன் பின்னர்தான் எனக்கு நேர்ந்ததைப் பற்றி நிதானமாக வாசித்தேன். 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் குருதியைச் சோதித்து 2005 இல் வெளியிட்ட ஆய்வில், 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது நிறை கூடியவர்களும் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தவர்களுமே பெரிதும் அகப்பட்டவர்கள். நீண்ட உழைப்பின்போது சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்த நிலையில் மேலும் மேலும் குடித்தால் குருதி நீர்த்துப்போய், தண்ணீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. மூளைக்கு வீங்க இடமில்லை. கஞ்சியில் எவ்வளவு உப்புப் போட்டாலும், அளவுக்கு மீறிய தண்ணீரை அது ஈடுசெய்யாது. வெப்பத்தைக் கண்டு வளர்ந்த நாங்கள் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகியவர்கள். எங்கள் ஊரில் புதிதாக ஓட வருகிறவர்களுக்கு இப்போது நான் முதலில் சொல்வது இதுதான்: தாகத்தைக் கேளுங்கள், குளிர்ந்த நாளில் சூட்டு நாளின் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் பேச்சு எப்போது பிசகும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் முப்பது கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்த ஆண்டு மீண்டும் கொழும்புக்குப் போனோம். ஆனால் அக்காவின் வலது முழங்கால் அதற்குள் பழுதாகி, ஓடக்கூடாது என்று வைத்தியர் தடுத்திருந்தார். கின்னியாத் தோழி அந்தமுறை தன் வேகத்தை விட்டுக்கொடுத்து என்னோடு ஓடினாள். நான் வேண்டாம் என்றும் அவள் கேட்கவில்லை. "டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கா" என்று மட்டும் சொன்னாள். தாகமெடுத்தபோது மட்டும் குடித்தேன். முப்பத்தைந்தாவது கிலோமீற்றர்ப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கதிரையில் அக்கா குடையோடு இருந்தார். எழும்பவில்லை, கை காட்டவுமில்லை. "பதினேழு எட்டு?" என்றார். நூற்று முப்பத்தாறு என்றேன், "போ" என்றார். மிச்ச ஏழு கிலோமீற்றரிலும் அழுதுகொண்டே ஓடினேன். ஐந்து மணித்தியாலம் நாற்பத்தாறு நிமிடத்தில் இருவரும் ஒன்றாக முடித்தோம்.

அக்கா இன்னும் ஒரு முழு மரதனை ஓடி முடிக்கவில்லை. முழங்கால் ஓரளவு தேறியிருப்பதால் இவ்வாண்டு சனிக்கிழமைகளில் அவரோடு நடக்கிறோம்: கோட்டை வாசலிலிருந்து உப்புவெளி வரை, அவருடைய அடியில், வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தம்பி வழமைபோல் சைக்கிளில் வருகிறான். வாய்ப்பாடு கேட்பது இப்போது என் பொறுப்பு. கடந்த கிழமை போர்க்கல்லறையடியில் அவர் கால் சற்று இழுபடுவதைக் கண்டு, "அக்கா, பத்தொன்பது ஏழு?" என்று கேட்டேன். நூற்று முப்பத்துமூன்று என்று உடனே வந்தது, ஆனால் மூச்சு வாங்கியபடி வந்தது. தம்பியைச் சைக்கிளை நிறுத்தச் சொல்லி, மதிலோரத்து நிழலில் அவரை இருத்தினேன். அவர் மறுத்தார். நான் விடவில்லை.