ஆக்சிமீட்டரில் 97 இருந்தாலும்

மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்களின் வீட்டில், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருப்பது நல்லதுதான். அதை மட்டும் நம்பியிருப்பதுதான் ஆபத்து. இந்நோயில் நுரையீரலில் பழுது ஏதும் இல்லை. நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுவரும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் தசையின் ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால், உழைக்க உழைக்கத் தசை சோர்ந்துவிடுகிறது. மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே? அது தளரும்போது மூச்சின் ஆழம் முதலில் குறைகிறது. விரல்நுனிக் கருவியில் எண் இறங்குவது பெரும்பாலும் கடைசியில்தான்.

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இதைவிடச் சீக்கிரம் குறி தெரிந்துவிடுவதுண்டு. இந்நோய் உள்ள என் அத்தை சாப்பிட உட்காரும்போது எந்தக் குறையும் இருக்காது. பாதிச் சோறு போவதற்குள் மெல்வது மெதுவாகும், தாடையை இடக்கையால் தாங்கிக்கொள்வார், பேச்சு மூக்கால் பேசுவதுபோல் மாறும். அந்த நேரத்தில் ரசத்தைக் குடித்தால், அண்ணத்தின் பின்பகுதி உயர்ந்து மேல்வழியை அடைக்காததால், அது மூக்கு வழியே வந்துவிடும். குழைந்த சோற்றைவிட நீர்த்த ரசம்தான் சிக்கல் என்றால் உறவினர்கள் நம்புவதில்லை. நீர் விரைந்து இறங்குவதால், மூச்சுக்குழலின் வாய் மூடுவதற்குள் உள்ளே போய்விடக்கூடும். இந்நோய்க்குத் தரப்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையின் பலன் சில மணி நேரமே நிற்பதால், மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கொடுத்துவிடுகிறோம்.

மூச்சைப் பார்க்கக் கருவியே வேண்டாத வழி ஒன்று உண்டு. ஆழ்ந்து மூச்சிழுத்து, வினாடிக்கு இரண்டு எண் வீதம் சாதாரணக் குரலில், ஒரே மூச்சில் எண்ணச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர் ஏறத்தாழ 50 வரை போவார். 20ஐ எட்ட முடியாத ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தாமதிக்கக் கூடாது. இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று தமிழில் எண்கள் நீள்வதால் கணக்குச் சற்றுக் குறையலாம். எனவே அவரவர் நன்றாக இருக்கும் நாளில் எட்டும் எண்ணைக் குறித்துவைத்து, அதனோடு ஒப்பிடுவதே சரி. மல்லாந்து படுத்தபடி தலையைத் தூக்க முடியாமல் போவதும் அதே அளவு கவலைக்குரியது, ஏனெனில் கழுத்தின் முன்தசைகள் தளரும்போது உதரவிதானமும் தளர்ந்திருப்பது வழக்கம்.

"97 இருக்கிறதே, பயம் வேண்டாம்" என்று அவசரப் பிரிவில் சொல்லப்பட்டால், ஒரே மூச்சில் எண்ணிக் காட்டச் சொல்லி வற்புறுத்துங்கள். நெஞ்சுச் சளிதான் இந்நோயை முற்றவைக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதற்காக ஊசியோ மாத்திரையோ எழுதும்போது, ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் தசையை மேலும் தளர்த்தக்கூடியவை என்பதை அங்கேயே நினைவூட்டிவிடுங்கள்.